கூலண்ட் குடித்ததாக எழுதச் சொன்னவனுக்கு

இன்று காலை, மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் பின்வாசல் படியில் உட்கார்ந்து புளிஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. பச்சைத் தழையைக் கசக்கியதுபோலத் தொடங்கி, முடிவில் பல்லைக் கூசவைக்கும் வாசனை. முறம் நிறைய, பிலிம்பி என்றும் சொல்வார்களே, அந்த விரல் நீளக் காய்கள். பாதியை நறுக்கி உப்புப் போட்டு வைத்திருந்தாள். மீதியை மிக்ஸியில் அடிக்கப் போவதாகச் சொன்னாள்.

“சாருக்கு கொலஸ்ட்ரால் உண்டோ? உண்டெங்கில் ஒரு கிளாஸ் கொண்டு தராம். காலைல வெறும் வயித்துல குடிச்சா மதி, அது போதும்.”

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். மீன் குழம்பில் நாலு போடலாம், காயவைக்கலாம், ஊறுகாய் போடலாம். சாறாகப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது, கிட்னி நின்றுபோகும் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“எங்க வீட்டுல எல்லாரும் குடிக்கும் சார். இதுவரை யாருக்கும் ஒண்ணும் பற்றியில்ல. கடையில வாங்கின மருந்தா இது? முற்றத்துல காய்க்கிறதல்லே?”

 உன் வீட்டு முற்றத்திலும் ஒரு மரம் நின்றது. ஜன்னலைச் சாத்திவிட்டு, நெடுநாளாகத் தள்ளிப்போட்டுவந்த இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நம்மைச் சேர்த்துவைத்தது என் ஸ்கூட்டரின் கிளட்ச் கேபிள். தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் திருவனந்தபுரம் நிருபராக நான் வந்து இறங்கிய புதிது. சாலைக் கம்போளக் கடைவீதியின் கிழக்குக் கோடியில், கிள்ளிப்பாலம் போகும் வழியில், உன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அரைகுறை மலையாளத்தில் நான் கேபிள் கேட்டதை முழுக்கக் கேட்டுவிட்டு, “நாங்குநேரிக்காரன்கிட்ட எதுக்குவே இந்தப் பாடு படுதீரு? தமிழ்லயே கேளும்” என்றாய். கேபிளை நீயே மாட்டிக் கொடுத்தாய். டீ வரவழைத்தாய். பிறகு என் செய்திகளில் பாதி உன் கடையில் கிடைத்தவை. எந்தப் பாலத்தில் விரிசல், எந்த வளைவில் லாரி கவிழ்ந்தது, எந்த எஸ்டேட்டில் வேலைநிறுத்தம் என்பதெல்லாம் ஓட்டுநர்கள் வாய்வழியாக முதலில் உனக்குத்தான் வரும். மறுநாள் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு, “நேத்து நான் பேசுனத இன்னைக்கு அச்சடிச்சு எனக்கே விக்காவ” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாய்.

அந்த வருடங்களில் இந்த ஊரே கொலஸ்ட்ராலைப் பற்றிப் பேசியது உனக்கு நினைவிருக்கும். மியூசியம் வளாகத்தில் காலையில் நடப்பவர்கள், பிள்ளைகளின் மார்க்கைக் கேட்பதுபோல ஒருவர் அளவை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். உன் அளவு கூடுதலாக வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீ வாங்கவில்லை. உன்னோடு நடந்த ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரி ஒருவர் புளிஞ்சிக்காய்ச் சாறு குடித்துக் குறைத்ததாகச் சொன்னார். உனக்கு அது போதுமாக இருந்தது. “மாத்திரைய ஒருக்கா தொட்டா விடாதுவே. இது காயி. பிடிக்கலன்னா நாளைக்குக் குழம்புல போட்டுக்கிடலாம்” என்றாய். உன் மனைவி பேச்சியம்மாள் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். மரத்தின் தண்டைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் தொங்கிய காய்களை விடியற்காலையில் பறித்து, அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, வீட்டிலிருந்த பெரிய டம்ளரில் நிறைத்து நீட்டினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு நடக்கக் கிளம்புவாய்.

முதலில் வந்தது விக்கல். கல்லாவில் உட்கார்ந்து நீ விக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து லாரிக்காரர்கள், ஊரில் எவளோ உன்னை நினைக்கிறாள் என்று கிண்டல் செய்தார்கள். பிறகு இடுப்பின் இரு பக்கமும் வலி, வாந்தி. சிறுநீர் குறைந்துகொண்டே வந்ததை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாய். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன அன்றுதான் பேச்சி உன்னை ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்குப் போன சில மணி நேரத்தில் கழுத்தில் குழாய் இறக்கி, உன் ரத்தத்தை இயந்திரத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் டாக்டர் லேகா நமக்கு அறிமுகமானார். நன்றாக இருந்த சிறுநீரகம் திடீரென்று நின்றுபோவது ஏன் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மெலிந்த பெண், காலையில் ஈரம் காயாத தலைமுடியோடு வருவார், மாலையில் அதே வெள்ளைக் கோட்டோடு நிற்பார். மலையாளமும் தமிழும் கலந்து நிதானமாக விளக்குவார்.

“அண்ணா, இது அக்யூட். பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். பேஷண்ட் தாக்குப்பிடிச்சா கிட்னி தானே திரும்பி வரும். குரோனிக் ஆயிட்டா பின்னே வராது.”

“அப்போ அக்யூட்னா ரிப்பேர், குரோனிக்னா பார்ட்டையே மாத்தணும். அப்படித்தான டாக்டர்?” என்று நீ கேட்டாய். “ஸ்பேர் பார்ட்ஸ்காரன்கிட்டயே பார்ட் இல்லன்னு சொல்லிறாதீங்க.”

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற பொருளின் அளவைத் தினமும் பார்த்தார்கள். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அது ஏறும். ஆனால் அது ஏறித் தெரிவதற்குள் உள்ளே சேதம் நடந்து முடிந்திருக்கும், அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் பரிசோதனை இன்னும் நம் கையில் இல்லை என்றார் லேகா. நீ என் பக்கம் திரும்பினாய். “உம்ம பேப்பர் மாதிரியே இருக்கேவே இந்த டெஸ்டு. எல்லாம் முடிஞ்ச பொறவு வந்து சொல்லுது.” மருந்து என்ன என்று நான் கேட்டேன். உடம்பைத் தாங்கிப் பிடிப்பது, காரணத்தை அறிந்தால் அதை நிறுத்துவது, காத்திருப்பது என்றார். வேறில்லையா என்றேன். வேறில்லை என்றார். அந்தப் பதில் வந்த வேகம் எனக்கு நினைவிருக்கிறது.

காரணத்துக்காக அவர் உன்னைத் துளைத்தெடுத்தார். வலி மாத்திரை சாப்பிட்டாயா? எலிக்காய்ச்சல் பரப்பும் தண்ணீரில் நடந்தாயா? ஏதாவது கடித்ததா? கஷாயம், லேகியம், பொடி, நாட்டு மருந்து? எல்லாவற்றுக்கும் இல்லை என்றாய். பேச்சியும் இல்லை என்றாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நீ குடித்தது உங்கள் இருவர் கணக்கிலும் மருந்து அல்ல. குழம்பில் போடும் காய்.

தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள். இளநீர் கூடாது, பழச்சாறு கூடாது என்று பேச்சியை நிறுத்திவைத்துச் சொன்னார்கள். அவள் சொன்னபடி செய்தாள். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சுப் பையை அப்படியே பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டாள். உன் நாக்கு வறண்டு, எதைப் பார்த்தாலும் குமட்டல் வந்தபோது, “புளிப்பா ஏதாவது இருந்தாக் கொண்டாட்டி” என்று நீதான் கேட்டாய். சின்ன பிளாஸ்க்கில் அவள் கொண்டுவரத் தொடங்கினாள். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை. அளந்து கொடுக்கும் தண்ணீரில் அதையும் சேர்த்துக் கணக்கு வைத்தாள்; ஒரு வாய்கூட மிஞ்சவிடவில்லை. அந்தச் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்க்கை நானும் பார்த்திருக்கிறேன். கஞ்சித் தண்ணீர் என்று நினைத்தேன்.

பேச்சியின் அண்ணன் மகளுக்கு நாங்குநேரியில் கல்யாணம் வந்தது. அவள் போகமாட்டேன் என்றாள். நீதான் சண்டைபோட்டு அனுப்பினாய். “அத்தைக்காரி நீ இல்லன்னா என் தலையத்தான் உருட்டுவாவ. போயிட்டு வா, நான் எங்கயும் ஓடிற மாட்டேன், குழாயக் கட்டி வச்சிருக்காவ.” உன் மகள் கனகா காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு உன்னோடு இருந்தாள். அவளுக்கு அந்தச் சாறு செய்யவும் தெரியாது, அதன் நினைவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சியைத்தான் கொடுத்தாள்.

கல்யாணம் முடிந்து பேச்சி திரும்புவதற்கு முந்தின நாள் நான் வார்டுக்குள் நுழைந்தபோது, “வே ரிப்போர்ட்டரே, வந்துட்டுவே!” என்று நீ கத்தினாய். வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலின் கீழே தொங்கிய, சிறுநீர் சேரும் பையைக் குனிந்து பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். மஞ்சளாக, அடியை மறைக்கும் அளவுக்கு மேல் இருந்தது. இவ்வளவு காலம் எத்தனையோ பேர் எதை எதையோ பெருமையாகக் காட்டியதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அன்று உன் முகத்தில் இருந்தது அவர்கள் யாரிடமும் இல்லை. லேகா வந்து பார்த்துவிட்டு, “ஞான் பறஞ்சில்லே, திரும்பி வரும்னு?” என்றார். மறுநாள் பேச்சி ஊரிலிருந்து கொண்டுவந்த அல்வாவை நர்ஸுகளுக்கு எல்லாம் கொடுக்கச் சொன்னாய்.

அடுத்த வாரத்தில் பை மறுபடி காலியானது.

லேகாவுக்கு அது பிடிபடவில்லை. திரும்பி வரத் தொடங்கிய சிறுநீரகம் ஏன் மறுபடி நிற்கிறது? முதுகில் ஊசி இறக்கி, நூல் அளவு சதையை எடுத்துப் பார்க்க முடிவு செய்தார்கள். முடிவு வந்த அன்று, நான் நிருபர் என்பதை மறந்தோ மறக்காமலோ, மைக்ராஸ்கோப்பில் என்னைக் கண்வைத்துப் பார்க்கச் சொன்னார் அவர். ஒளியை ஏதோ ஒரு கோணத்தில் திருப்பினார். இருட்டு முழுவதும் கண்ணாடித் துண்டுகளைத் தூவியதுபோலப் பல நிறங்களில் ஏதேதோ மின்னின. ஆக்சலேட் படிகங்கள் என்றார். உன் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அவை அடைத்துக்கொண்டு நின்றன. அழகாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

இந்தப் படிகம் இப்படிக் குவிந்திருந்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகிக்கிற விஷம் ஒன்று உண்டு. வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். தற்கொலைக்கு அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். லேகாவின் மேலதிகாரி உன் தொழில் என்ன என்று கேட்டார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்றதும் அவர் பேனாவை மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு யாரும் உன் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. உன் வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். கடையில் நஷ்டமா? மகளுக்கு ஏதாவது பிரச்சினையா? மனைவியோடு எப்படி? ஆஸ்பத்திரியின் போலீஸ் ஏட்டு ஒருவர் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “உள்ளது பறயணும், கேட்டோ” என்றார். லேகா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நண்பன் என்ற முறையில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். நான் கேட்டேன். 

“எனக்குச் சாகணும்னா கூலண்ட் எதுக்குவே? உம்ம தலையங்கத்த ரெண்டு நாள் விடாம படிச்சாப் போதாதா?”

சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. “பேச்சிகிட்டயும் கேட்டாவளாவே?” என்றாய். கேட்டிருந்தார்கள். நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, உன் புருஷன் குடித்தாரா, அல்லது யாராவது கொடுத்தார்களா என்று கேட்டிருந்தார்கள். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எங்க வீட்டுல வெஷம் வச்சிருக்கது கிடையாது. எலிக்குக்கூடக் கூண்டுதான்” என்று மட்டும் சொன்னாளாம்.

மறுநாள் காலை லேகா உன் கட்டிலருகே வந்து நின்றார். தூங்காத முகம். முந்தின நாள் தன்னைக் கேட்கக் கூடாததைக் கேட்டவர்களில் ஒருவர் இவர் என்பதைப் பேச்சி மறந்திருக்க முடியாது. ஆனாலும் பிளாஸ்க்கின் சிவப்பு மூடியைத் திருகி, அதிலேயே ஊற்றி நீட்டினாள்.

“ஒண்ணுமே சாப்பிடலபோல இருக்கே மோளே. முகமெல்லாம் வாடிக் கெடக்கு. இத ஒரு வாய் குடி, தெளிஞ்சிரும்.”

லேகா வாங்கி உதட்டருகே கொண்டுபோனார். வாசனை தட்டியது. “இது எந்தா சேச்சி?”

“புளிஞ்சிக்கா.”

மூடி அவர் கையிலேயே நின்றது. “அண்ணனுக்கும் இது கொடுக்குமோ?”

“அவியளுக்குத்தான் கொண்டு வாரது. நாக்கு ருசியில்லங்காவ. வீட்டுலயும் தெனம் குடிப்பாவ, கொழுப்புக்கு.” பிறகு, டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்து, “பழச்சாறுதான கூடாதுன்னிய? இது காயில்லா?” என்றாள்.

லேகா மூடியில் இருந்ததைப் பிளாஸ்க்கிலேயே ஊற்றி, இறுக்கித் திருகி, “இது எனிக்கு வேணம் சேச்சி. இனி புளிப்பு ஒண்ணும் வேண்டா” என்று எடுத்துக்கொண்டு போனார். அவர் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினார்.

அன்று மதியம், நீ டயாலிசிஸில் படுத்திருக்கும்போது, உன்னிடமும் என்னிடமும் சொன்னார். அந்தக் காயில் ஆக்சலேட் மிக அதிகம். குழம்பில் நாலு காய் விழுவதால் ஒன்றும் இல்லை. பிழிந்த சாறாக, வெறும் வயிற்றில், நாள்தோறும் போனால் சிறுநீரகம் தாங்காது என்றுதான் படுகிறது; இதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை என்றார். நான் அவரிடம் கேட்க ஆயிரம் வைத்திருந்தேன். நீ ஒன்றைத்தான் கேட்டாய்.

“அவகிட்டச் சொல்லிட்டியளா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க. கூலண்ட் குடிச்சேன்னே எழுதிக்கிடுங்க.”

லேகாவுக்கு முதலில் புரியவில்லை. நீ மறுபடி சொன்னாய், இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல், நிதானமாக. “நானே குடிச்சேன்னு போட்டுக்கிடுங்க. போலீஸ்கிட்ட நான் கையெழுத்துப் போடுதேன். அவ கையால குடிச்சுப் போச்சுன்னு இருக்கக் கூடாது. அவளால அதத் தூக்கிட்டு நடக்க முடியாது.”

“அது கள்ளமல்லே அண்ணா?” என்றார் லேகா.  முன்பு நெடுமங்காட்டிலிருந்து வந்த ஒரு மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னார். இதே படிகம். அவரும் எதையும் குடிக்கவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னாராம். யாரும் நம்பவில்லை. கூலண்ட் என்று எழுதி முடித்துவிட்டார்கள். “அந்த வீட்டிலும் ஒரு புளிஞ்சி மரம் நின்னிருக்கும். நான் கேட்டதேயில்ல. இப்ப அண்ணனுக்கும் அதையே எழுதினா, இனி வர்றவனுக்கு யாரு கேக்கும்?”

நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஆராய்ச்சியில் எழுதிக்கொள்ளட்டும், பெயர் வேண்டாம், பேச்சிக்கு மட்டும் தெரியவேண்டாம் என்றாய். அந்த ஏற்பாட்டுக்கு நாங்கள் இருவரும் தலையசைத்தோம்.

பை அதன் பிறகு நிறையவே இல்லை. அக்யூட் என்ற சொல்லை லேகா மெல்ல மெல்லச் சொல்லாமல் விட்டார். நீயும் கேட்கவில்லை. வாரத்தில் பாதி நாட்கள் இயந்திரம், பாதி நாட்கள் கடை. கல்லாவில் கழுத்துக் குழாயை மறைக்கத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குழாய் வழியாகக் கிருமி ஏறியது. காய்ச்சலில் நீ யார் யாரிடமோ பேரிங், கேஸ்கட் என்று விலை பேசிக்கொண்டிருந்தாய். பேச்சி உன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம்.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். முற்றத்தில் மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி. பிளாஸ்க்க அந்த டாக்டர் பிள்ள கழுவிக் கொண்டாந்து குடுத்தப்பவே தெரியும். அது என் கண்ணப் பாக்கல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு அவிய நிம்மதியா இருந்தாவ. அதக் கெடுப்பானேன்னு நானும் கேக்கல.” பிறகு சொன்னாள்: “பேப்பர்ல எழுதுங்க. என் பேரப் போட்டாலும் சரி. இன்னொருத்தி அடிச்சுக் குடுத்திரக் கூடாது.”

எழுதினேன். பெயர் போடவில்லை. எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன், அதைப்போல ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதியதில்லை. லேகாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டித் திருத்தினேன். எவ்வளவு நாளாகக் குடித்தாய், என்ன நடந்தது, எது உறுதி, எது இன்னும் உறுதியில்லை என்று பிரித்து வைத்தேன். கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் மக்கள் இதைக் குடிக்கிறார்கள் என்று ஒரு வரியும் இருந்தது. அது இல்லாமல் செய்தி விளங்காது. வெளியான அன்று ஆபீஸ் போன் ஓயவில்லை. முதல் ஆள் கேட்டார்: “சார், அந்த ஜூஸ எப்படித் தயாரிக்கிறதுன்னு போடாம விட்டுட்டீங்களே?” அடுத்த ஆள், வெந்நீர் கலக்கலாமா என்றார். ஒரு பெண், தன் கணவருக்குக் கொழுப்பு மிகவும் அதிகம், ஒரு தடவை மட்டும் கொடுத்தால் போதுமா என்று கேட்டாள். நான் ஒவ்வொருவரிடமும் கத்தினேன். பிறகு ரிசீவரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.

லேகா நெடுமங்காட்டுக்குப் போனார். அந்த மெக்கானிக் தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்ளவில்லை என்று அவன் மனைவியிடம் சொல்லத்தான் போனார். வீடு பூட்டியிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள், அப்படிச் செத்தவன் வீட்டில் எப்படி இருப்பாள் என்றார்களாம் பக்கத்தில். முற்றத்தில் மரம் இருந்ததா என்று நான் கேட்டேன். லேகா தன் ஆராய்ச்சித் தாள்களை அடுக்கத் தொடங்கினார். அவருடைய கட்டுரையில் நீ ஒரு பத்தியாக வந்தாய்: நடுவயதுக் கடைக்காரர். அதற்கடுத்த மழைக்காலத்தில், காய் நிறையக் காய்க்கும் பருவத்தில், இன்னொருவர் விக்கலோடு வந்து படுத்தார்.

பேச்சி இப்போது கனகாவோடு கழக்கூட்டத்தில் ஒரு பிளாட்டில் இருக்கிறாள். கனகா அங்கே சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். டீ கொடுப்பாள். ஊர்க் கதை பேசுவாள். கனகா உள்ளே போனதும், குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைக் கேட்பாள்.

“வீட்டுல குடிச்சதுலயா அண்ணாச்சி போச்சு, ஆஸ்பத்திரில நான் குடுத்ததுலயா?”

வீட்டில் குடித்தது என்றால் அது நீயே விரும்பித் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் என்றால், அவள் கணக்கில், அவள் மட்டும்தான். அவளுக்காக இதை லேகாவிடம் போய்க் கேட்டேன்.  “அறியான் பற்றில்ல சார். முதலில் அடைச்சதே போதுமான சேதமா இருக்கலாம். நிறுத்தியிருந்தா தேறியிருக்கலாம். ஒரே ஒரு மனுஷனை வச்சு ரெண்டையும் சொல்ல முடியாது” என்றார். அதை அப்படியே பேச்சியிடம் சொன்னேன். சொல்ல முடியாதாம் பேச்சி, டாக்டருக்கே தெரியாதாம். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள், அடுக்களை வாசலில் நின்று, திரும்பாமலே கேட்டாள்: “நான் கல்யாணத்துக்குப் போயிருந்தப்பதான பை நெறஞ்சுச்சு?”

நீ இருந்திருந்தால் மூச்சுவிடும் நேரம்கூட எடுத்துக்கொண்டிருக்க மாட்டாய். “ஏ கோட்டி, அது வீட்டுலயே போயிட்டுட்டி, நானாக் கேட்டு வாங்கிக் குடிச்சேன்” என்று கத்தியிருப்பாய். அவளும் நம்பியிருப்பாள். கழக்கூட்டம் போகும் பஸ்ஸில் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டு போகிறேன். தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமலே ஒரு ஆயுள் போய்விட்டது எனக்கு. அவள் முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு பழைய வழியிலேயே போகிறது; தெரியாது என்கிறேன். அவள் அதை ஆமாம், தன் கையால்தான் என்று எடுத்துக்கொள்கிறாள்.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வேலைதான். உனக்குப் பதிலாக ஒரு பொய் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.